இருபத்து நான்கு மணி நேர ஆள்: பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுப் பராமரிப்பின் கணக்கு

2023 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், பாளையங்கோட்டையில் வசிக்கும் என் மாமனாருக்கு அதிகாலையில் பக்கவாதம் வந்தது. அப்போது அவருக்கு வயது 71. மூளையின் இடப்பக்கத்து இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது அவருக்கு ஓரளவு புரிந்தது, பதில் மட்டும் வாய்க்கு வரவில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் 19 நாட்கள் இருந்துவிட்டு, மூக்குக் குழாயும் சிறுநீர்க் குழாயும் பொருத்திய நிலையில் வீட்டுக்கு வந்தார். வீட்டில் அவருடன் இருப்பவர் மூட்டுவலியால் அவதிப்படும் 66 வயது மாமியார். மூத்த மகன் கோயம்புத்தூரில் பம்பு தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர், இளையவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். மகளும் மருமகனுமான நாங்கள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். அந்தப் பழக்கத்தில், டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து செலவான ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். கீழே வரும் எண்கள் அந்த நோட்டில் உள்ளவை. ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதால், தொகைகளைவிட அவை எதற்காகக் கொடுக்கப்பட்டன என்பதையே வாசகர் கவனிக்க வேண்டுகிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று எடுத்த முடிவு

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் ‘வீட்டில் நர்சிங் பராமரிப்பு தேவை’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரம், என்ன படித்தவர் வேண்டும் என்ற விவரம் அதில் இல்லை. அதை மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை. வரவேற்பறையில் கொடுத்த அட்டையை வைத்துக்கொண்டு ஏஜென்சி ஒன்றுக்குப் போன் செய்தோம். மாலைக்குள் 23 வயதுப் பெண் ஒருவர் பையுடன் வந்து இறங்கினார். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய், நாள் ஒன்றுக்கு 1,100 ரூபாய், ஒரு மாதப் பணம் முன்கூட்டியே, சாப்பாடும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு. அந்தப் பெண்ணை ஓராண்டுக்குள் நாங்கள் நேரடியாக வேலைக்கு வைத்துக்கொண்டால் அபராதம் என்ற நிபந்தனையும் தாளில் இருந்தது. லீவு பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அப்போது அது என் கண்ணில் படவில்லை.

‘ஹோம் நர்ஸ்’ என்றே நாங்கள் அவரை அழைத்தோம், ஏஜென்சியும் அப்படியே சொன்னது. மூன்று மாதம் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்றவர் அவர் என்பதும், நர்சிங் படித்தவர் அல்லர் என்பதும் முதல் வாரக் கடைசியில் தெரியவந்தது. இதில் அந்தப் பெண்ணின் தவறு ஏதுமில்லை. தன்னால் முடிந்ததை முகம் சுளிக்காமல் செய்தார். மூக்குக் குழாயைப் புதிதாகப் போடத் தனக்குத் தெரியாது என்பதையும் நேர்மையாகச் சொன்னார். குழாய் மூச்சுப் பாதைக்குள் போய்விட்டால் ஊற்றும் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால், தெரியாதவர் அதைத் தொடாமல் இருப்பதே சரி. ஆனால் மாமனார் தூக்கக் கலக்கத்தில் இடக்கையால் குழாயை இழுத்துப் போட்ட இரண்டு இரவுகளிலும் ஆம்புலன்ஸ் வரவழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் 6,700 ரூபாய். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் படுக்கையருகே கால் மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கான தொகை அது.

முதல் மாதச் செலவு இப்படி அமைந்தது: ஏஜென்சிக்கு 33,000, தினமும் வந்த பிசியோதெரபிஸ்டுக்கு, ஞாயிறு நீங்கலாக, 13,000, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலுக்கு வாடகை 3,500, டயப்பர் 4,560, குழாய் வழியே கொடுக்கும் சத்துமாவு டப்பாக்கள் 6,500, மருந்து 5,200. இவற்றோடு பதிவுக் கட்டணம், 2,800 ரூபாய்க்கு வாங்கிய காற்று மெத்தை, இரண்டு இரவுப் பயணங்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் 84,460 ரூபாய். மருத்துவமனைப் பில்லில் காப்பீடு போக நாங்கள் கட்டிய 56,000 இதில் சேராது. மாமனாரின் மாத வருமானம் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியமான 2,900 ரூபாய். என் மனைவியின் நகையில் மூன்று சவரன் அடகுக்குப் போயிற்று.

படுக்கைப் புண்

மூன்றாவது வாரத்தில் முதுகின் அடியில், இடுப்பெலும்பு முடியும் இடத்தில், தோல் உரிந்து சிவந்த புண் தெரிந்தது. காற்று மெத்தை இருக்கிறது, இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கிறது, பின் எப்படிப் புண் வந்தது என்று மைத்துனர்கள் போனில் கேட்டார்கள். விடை எளிய கணக்கில் இருந்தது. தானாகப் புரள முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மெத்தை அதற்குத் துணை செய்யுமே தவிர, அந்த வேலையைத் தானே செய்துவிடாது. அப்படியென்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை, அதில் நான்கு முறை இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில். பகல் முழுவதும் துடைத்து, ஊட்டி, துணி மாற்றிய அதே பெண் இரவிலும் நான்கு முறை எழுந்து, 68 கிலோ எடையுள்ள மனிதரைத் தனியாகப் புரட்ட வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்கிறோம். வாரத்தில் ஏழு நாளும் அப்படிச் செய்ய யாராலும் முடியாது. ‘இருபத்து நான்கு மணி நேர ஆள்’ என்று விற்கப்படுவது, உண்மையில் இருபத்து நான்கு மணி நேரமும் வீட்டுக்குள் இருக்கும் ஆள் என்பது மட்டுமே. வேலையை வாங்குகிறோம் என்று எண்ணிக்கொண்டு நாங்கள் இருப்பை வாங்கியிருந்தோம். நாங்கள் கட்டும் 33,000 ரூபாயில் தன் கைக்கு வருவது 16,000 என்று அந்தப் பெண் ஒருநாள் மாமியாரிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த நிலையை மாற்றியது அதே தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர். புண்ணைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “நர்ஸு எதுக்கு, ஆளு எதுக்குன்னு பிரிச்சு வச்சீங்களா?” அன்று மாலையே அவர் சொல்லச் சொல்ல, ஒரு நாளில் நோயாளிக்குச் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதினேன். பத்தொன்பது வேலைகள் வந்தன. மூக்குக் குழாய் மாற்றுவது, சிறுநீர்க் குழாயைப் பார்ப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, ஊசி இருந்தால் போடுவது ஆகிய நான்குக்கு மட்டுமே படித்த நர்ஸின் கை வேண்டும். அவையும் தினமும் வரும் வேலைகள் அல்ல. மீதிப் பதினைந்தில் பெரும்பாலானவை பொறுமையும் உடல் வலுவும் நேரந்தவறாமையும் இருந்தால் கற்றுக்கொள்ளக்கூடியவை: தலையை உயர்த்தி வைத்துக் குழாயில் உணவு ஊற்றுவது, ஊற்றிய பின் அரை மணி நேரம் படுக்க விடாமல் பார்ப்பது, வாயைத் துடைப்பது, டயப்பர் மாற்றுவது, திருப்பிப் படுக்க வைத்து நேரத்தைக் குறித்து வைப்பது, கை கால் மூட்டுகளை மடக்கி நீட்டுவது.

ஒன்பதாவது வாரத்தில், டிசம்பர் தொடக்கத்தில், ஏஜென்சியை நிறுத்தினோம். பக்கத்துத் தெருவில் இருக்கும், தன் மாமியாரை ஆறு ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பார்த்த அனுபவமுள்ள ஓர் அம்மாவைக் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, ஞாயிறு விடுமுறையுடன், மாதம் 14,000 ரூபாய்க்கு அமர்த்தினோம். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண் உள்ள நர்ஸ் ஒருவர் வாரம் இருமுறை வந்தார். வருகைக்கு 600 ரூபாய் வீதம் மாதம் 4,800. பதிவு எண்ணை நான் கேட்டு வாங்கி நோட்டில் எழுதினேன். அவர் வருத்தப்படவில்லை, சந்தோஷமே பட்டார். மாதத்தில் பத்து இரவுகளுக்கு மட்டும் 500 ரூபாய்க்கு இன்னொருவர். மற்ற இரவுகள் மனைவிக்கும் எனக்கும். பிசியோதெரபி வாரம் மூன்று நாளாகக் குறைந்து 6,500 ஆயிற்று. இதைச் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் மீதி நாட்களின் பயிற்சியைப் பகல் ஆளுக்கும் மாமியாருக்கும் பிசியோதெரபிஸ்டே கற்றுக்கொடுத்தார். சத்துமாவு டப்பாக்களுக்குப் பதிலாக, உணவியல் நிபுணர் எழுதிக்கொடுத்தபடி அரிசி, பாசிப்பருப்பு, காய், எண்ணெய், பால் ஆகியவற்றை அரைத்து வடிகட்டிக் கொடுத்தோம். 6,500 ரூபாய் 1,800 ஆயிற்று. கட்டிலுக்கு நான்கு மாதம் வாடகை கட்டினால் பழைய கட்டிலையே வாங்கிவிடலாம் என்பது தெரிந்ததும் 12,000 ரூபாய்க்கு ஒன்றை வாங்கிப் போட்டோம். 2024 ஜனவரியில் டயப்பர் 3,420, மருந்து 3,100 உட்பட மாதச் செலவு 38,620 ரூபாய். முதல் மாதத்தின் ஒருமுறைச் செலவுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 27,140 ரூபாய் குறைவு. புண் ஆறியதும் அதே மாதத்தில்தான்.

மருந்துச் செலவு குறைந்ததற்கு ஒரு காரணம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருவதோடு, படுக்கை நோயாளிகளுக்குப் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. வசதியுள்ள வீட்டுக்காரர்கள் இதை நமக்கானதல்ல என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதலில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்த பிறகு மகளிர் தன்னார்வலர் மாத்திரைகளுடன் வரத் தொடங்கினார்.

வெள்ளம்

புதிய ஏற்பாட்டுக்கு இரண்டு வாரம் ஆவதற்குள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழையில் தாமிரபரணி கரை கடந்து, திருநெல்வேலி சந்திப்புப் பகுதி நீரில் நின்றது. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, மின்சாரம் மட்டும் இரண்டு நாள் இல்லை. மின்சாரம் நின்றதும் காற்று மெத்தையின் பம்பு நின்று, மெத்தை பலகையோடு ஒட்டிக்கொண்டது. பழைய பஞ்சு மெத்தையை மாற்றிப் போட்டு, தலையணைகளை அண்டக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதை ஒன்றரை மணி நேரமாக்கினோம். மிக்சி ஓடாததால் கஞ்சியைக் குழைய வேகவைத்து மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டிக் கொடுத்தோம். ஆற்றுக்கு அப்பால் இருந்த நர்ஸால் வர முடியவில்லை. போனில் சிக்னல் கிடைத்த சில நிமிடங்களில் புண்ணுக்கு என்ன செய்வது என்று சொன்னார். பகல் ஆள் மட்டும் இரண்டு நாளும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். பராமரிப்பு ஆளைத் தேடும்போது அவர் வீடு எவ்வளவு தூரம் என்று நாங்கள் கேட்டது பஸ் காசுக்காக மட்டுமே. நடந்து வரும் தூரம் என்பதற்கு வேறு ஒரு பெறுமதி இருப்பதை அந்த இரண்டு நாட்கள் காட்டின.

காப்பீடு எதைக் கொடுத்தது

மூத்த மைத்துனரின் நிறுவனக் குழுக் காப்பீட்டில் பெற்றோருக்கு 4 லட்சம் வரை இருந்தது. மருத்துவமனைப் பில் 4,18,000. காப்பீடு கொடுத்தது 3,62,000. ஆக 4 லட்ச வரம்பில் மீதம் 38,000. பாலிசியில் ‘வீட்டிலிருந்து பெறும் சிகிச்சை’ என்ற தலைப்பைப் பார்த்து, ஏஜென்சிப் பணம் கிடைத்துவிடும் என்று நம்பினோம். அந்தப் பிரிவு சொல்வது வேறு: மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோயாளியை நகர்த்த முடியாத நிலையிலோ, மருத்துவமனையில் இடம் கிடைக்காதபோதோ வீட்டில் வைத்துத் தரும் சிகிச்சைக்கே அது பொருந்தும். டிஸ்சார்ஜ் ஆகி வந்தவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அது பொருந்தாது. ஏஜென்சிக் கட்டணம் முழுவதும் மறுக்கப்பட்டது.

எங்களுக்கு உதவியது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவு என்ற பிரிவு. மருந்து 10,400, ஸ்கேனும் மறுபரிசோதனையும் 6,200, பிசியோதெரபி 26,000 என்று அனுப்பியதில் முதல் இரண்டும் வந்தன, பிசியோதெரபி மறுக்கப்பட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பிசியோதெரபி செய்யவும்’ என்று இருந்ததே தவிர எத்தனை நாள் என்று இல்லை. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரசீதுகளோ பில் எண்ணும் பதிவு எண்ணும் இல்லாத துண்டுச் சீட்டுகள். நரம்பியல் மருத்துவரிடம் நாள் கணக்குடன் ஒரு கடிதமும், முறையான பில்களும் வாங்கி மறுபடி அனுப்பியதும் மீதித் தொகை வரம்பு அனுமதித்த 21,400 வந்தது. அந்த ஒரு வரியை டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்கியிருந்தால் ஏழு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அவருடைய பணமும் அவருடைய கைநாட்டும்

மாமனார் பெயரில் வங்கியில் 6 லட்சம் ரூபாய் வைப்பு இருந்தது. ஆனால் கணக்கு அவர் ஒருவர் பெயரில் மட்டுமே. மாமியார் நாமினி, நாமினிக்கு உரிமை வருவது கணக்கு வைத்திருப்பவர் காலமான பிறகுதான் என்பதை விளக்கியபோது மாமியார் அழுதார், நாங்கள் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினோம். கையெழுத்துப் போட முடியாத நோயாளியின் கைநாட்டையோ கால் விரல் பதிவையோ இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க, ஏற்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். 70 வயது கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரில் அது அறிவுறுத்தியும் இருக்கிறது. இவற்றைச் சுட்டி எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். அதிகாரி வீட்டுக்கு வந்து, மாமனாரிடம் ஒவ்வொன்றையும் நிதானமாகக் கேட்டு, அவர் தலையசைத்த பின்னரே இடக்கைப் பெருவிரல் ரேகையைப் பதிந்தார். வைப்பு உடைக்கப்படவில்லை, வட்டி மாதாமாதம் 3,750 ரூபாய் வருமாறு மாற்றப்பட்டது. ஓய்வூதியத்தோடு சேர்த்து 6,650. மீதியை மூத்தவர் 18,000, இளையவர் 15,000 என்று அனுப்பினார்கள்.

நரம்பு சார்ந்த பாதிப்புக்கான ஊனச் சான்று பொதுவாக நோய் வந்து ஆறு மாதம் கழித்தே தரப்படும் என்பதால் 2024 மார்ச்சில் விண்ணப்பித்தோம். மதிப்பீடு 80 சதவீதத்துக்கு மேல். அந்தச் சான்றின் பலன் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. பழைய வரிமுறையில் இருந்த மூத்த மைத்துனர், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில், தன்னைச் சார்ந்த கடும் ஊனமுற்ற பெற்றோருக்கான 1,25,000 ரூபாய்க் கழிவைப் பெற்றார். செலவு செய்திருந்தால் போதும், தொகை எவ்வளவானாலும் கழிவு அதேதான். அவருடைய 20 சதவீத அடுக்கில் அது, செஸ் உட்பட, 26,000 ரூபாய். குறிப்பிட்ட நோய்களுக்கான 80டிடிபி பிரிவில் பேச்சிழப்பும் உண்டு என்று கண்டு நான் உற்சாகமடைந்தேன். காப்பீட்டில் பெற்ற தொகை அதிலிருந்து கழிக்கப்படும் என்பதால் அந்த ஆண்டு ஒன்றும் மிஞ்சவில்லை. 2026 ஏப்ரல் முதல் நடப்புக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு என்பதால், இதைப் படித்துவிட்டு நேரே படிவத்தை நிரப்ப வேண்டாம்.

நோட்டில் சேராத பக்கம்

என் மனைவி தனியார் பள்ளி ஒன்றில் 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியை. அக்டோபர் முதல் ஜனவரி வரை நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். ஜனவரிக் கணக்கை மைத்துனர்களுக்கு அனுப்பும்போது, 72,000 ரூபாயை அதில் ஒரு வரியாக எழுதினேன். எல்லோருக்கும் முன்பாக மாமியாரே அதைப் பார்த்துவிட்டார். “பெத்த அப்பாவப் பாக்கதுக்குக் கூலியா எழுதுதீய, மாப்ள?” என்று கேட்டார். நான் கூலி என்று எழுதவில்லை, வராத சம்பளம் என்றே எழுதியிருந்தேன். அந்த வேறுபாட்டை அந்த நேரத்தில் விளக்க முடியவில்லை. மனைவியும் அதை அடித்துவிடச் சொன்னார். நான் அடிக்கவில்லை. பணம் அனுப்புபவரின் பங்கு எண்ணாகத் தெரிகிறது, உடனிருந்து பார்ப்பவரின் பங்கு வெறும் பாசமாக மட்டும் தெரிகிறது என்றால், அந்தக் கணக்கு தவறான கணக்கு. இரண்டு வாரம் குடும்பத்தில் பேச்சு குறைந்திருந்தது. பிறகு இளையவர் ஷார்ஜாவிலிருந்து அழைத்து, அடகில் இருந்த மூன்று சவரனையும் தாங்கள் இருவரும் மீட்டுத் தருவதாகச் சொன்னார். ஏப்ரலில் மீட்டும் தந்தார்கள். 72,000 என்ற வரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக அப்படியே இருக்கிறது.

சிறுநீர்க் குழாய் நவம்பரிலும், மூக்குக் குழாய் டிசம்பர் கடைசியிலும் எடுக்கப்பட்டன. மாமனார் இப்போது இடக்கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார், நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருகிறார். மூன்றுகால் ஊன்றுகோலோடு, ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கட்டிலிலிருந்து வாசல் வரை போகிறார். ‘தண்ணி’, ‘போதும்’ உட்பட ஏழெட்டுச் சொற்கள் திரும்பியிருக்கின்றன.

2024 ஆடியில் பகல் ஆள் ஒரு வாரம் லீவு கேட்டார். அவர் ஊர்க் கோயிலில் கொடை விழா. எட்டு மாதத்தில் ஞாயிறு தவிர அவர் கேட்ட முதல் லீவு அதுதான். இரவுக்கு வருபவரையே ஏழு நாள் பகலுக்கும் வரச் சொல்லி, நாளுக்கு 600 வீதம் 4,200 ரூபாய் கொடுத்தோம். லீவில் போனவருக்குச் சம்பளத்தைப் பிடிக்கவில்லை. அந்த 4,200 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்தபோதுதான் என் நோட்டில் லீவுக்கென்று ஒரு பத்தியே இல்லை என்பது தெரிந்தது. ஆடி முதல் கோடு போட்டு அதைச் சேர்த்திருக்கிறேன்.